எடவப்பாதியும் என் தோல் சுருள்களும்

மே மாதக் கடைசி வாரத்தில் என் பட்டறையில் தையல் வேலை இரண்டு நாள் நின்றுவிடும். கையிருப்பில் இருக்கும் தோல்களை எல்லாம் அந்த இரண்டு நாளில் வெளியே எடுத்து, விரித்து, இரண்டு பக்கமும் தடவிப் பார்த்து, சுற்றியிருக்கும் துணியை மாற்றி, மறுபடியும் சுருட்டி அடுக்குவேன். ஜூன் பிறந்ததும் இறங்கும் மழையை, கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் விளவங்கோடு பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் எடவப்பாதி என்றே சொல்கிறார்கள். அது அடங்கி, ஈரம் முழுதாக வடிவதற்குள் ஐப்பசி, கார்த்திகை மழை வந்துவிடும். ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம் வாய்த்த மண் என்பதால்தான் இங்கே ரப்பரும் வாழையும் தென்னையும் இப்படிச் செழிக்கின்றன. அதே காரணத்தால், வீட்டில் சிறு பட்டறை வைத்துத் தோல் வேலை செய்பவருக்கு வெட்டுவதையும் தைப்பதையும் விட, வாங்கிய தோலைக் கெடாமல் வைத்திருப்பதே பெரிய வேலையாகிவிடுகிறது.

மார்த்தாண்டத்துக்கு அருகே, எங்கள் வீட்டின் பின்புறம் ஓடு வேய்ந்த ஒற்றை அறைதான் என் பட்டறை, பத்தடிக்குப் பன்னிரண்டடி. 2016இல் தொடங்கினேன். பெல்ட், மணிபர்ஸ், கைப்பை ஆகியவற்றோடு வேதாகம உறையும் செய்கிறேன். எங்கள் பகுதியில் கிறிஸ்துமஸுக்கு முன்னால் வேதாகம உறைக்கு வருகிற தேவை மற்ற எல்லாவற்றையும் விட அதிகம் என்பதால், ஆண்டிலேயே ஈரம் மிகுந்த நாட்களில்தான் என்னிடம் தோல் அதிகமாக இருந்தாக வேண்டும். பெல்ட்டுக்கு 3 மில்லிமீட்டர் கனமுள்ள மாட்டுத் தோல், மணிபர்ஸுக்கும் உறைக்கும் 1.2 மில்லிமீட்டர், உள்பக்கத்துக்கு 0.8 மில்லிமீட்டர் ஆட்டுத் தோல் என்று மூன்று வகை எப்போதும் கையில் இருக்கும். பெரும்பாலும் சென்னை பெரியமேட்டில் வாங்கி ரயில் பார்சலில் கொண்டுவருவேன்.

பதனிட்ட விதம் எது என்று தெரியாமல் தோலை வைக்கும் விதத்தைத் தீர்மானிக்க முடியாது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் பெருமளவில் நடப்பது, குரோமிய உப்பைக் கொண்டு செய்யும் குரோம் பதனீடு. அந்தத் தோல் மென்மையாக இருக்கும். மேலே சாயமும் பூச்சும் ஏறியிருக்கும். ஈரத்தை ஓரளவு தாங்கும். திருச்சியிலும் திண்டுக்கல்லிலும் பழைய முறையில் செய்யப்படுவது மரப்பட்டைப் பதனீடு. ஆவாரம் பட்டை, வாட்டில் பட்டை, கடுக்காய் ஆகியவற்றின் துவர்ப்பு ஏறிய தோல் அது. இளம் மஞ்சளும் தவிட்டு நிறமுமாக, பூச்சு எதுவும் இல்லாமல், திறந்த நிலையில் வரும். கை பட்டால் கைத்தடம், வெயில் பட்டால் கருப்பு, நீர்த்துளி பட்டால் வட்டம் என்று எல்லாவற்றையும் தன் மேல் எழுதி வைத்துக்கொள்ளும். நான் நேசித்து வேலை செய்வது இந்தத் தோலில்தான். மழைக்காலத்தில் முதலில் கெடுவதும் இதுதான்.

முதல் ஆண்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஏப்ரலில் மூன்று சைடு பட்டைத் தோல் வாங்கினேன். சைடு என்பது முதுகெலும்பு வழியாக நெடுக்கே பிளந்த பாதித் தோல். அவை பாலிதீன் உறைக்குள் சுருட்டப்பட்டு வந்தன. உறை இருப்பதால் பாதுகாப்பு என்று நினைத்து, பிரிக்காமல் அப்படியே ஓர் இரும்பு அலமாரியில் வைத்து, அலமாரியை மேற்குச் சுவரை ஒட்டி நிறுத்தினேன். மேற்குச் சுவரில்தான் எடவப்பாதி சாரல் நேராக அறையும். ஆடி மாதத்தில் ஒரு நாள் உறையைப் பிரித்தபோது தோலின் வாசனைக்குப் பதிலாக ஈர மண்ணின் வாசனை வந்தது. உறையின் உட்பக்கம் வியர்த்திருந்தது. சுருளின் வெளிச்சுற்றில் சாம்பல் பச்சையாகப் புள்ளிகள், உள்ளே போகப் போக ஒன்றோடொன்று சேர்ந்து படலமாகவே ஆகியிருந்தன. ஓர் ஓரத்தில் உறை கிழிந்து, அலமாரியின் துருப்பிடித்த விளிம்பு தோலைத் தொட்டிருந்த இடத்தில் மையைக் கொட்டியது போல் கருநீலக் கறை படிந்திருந்தது.

அந்தக் கறை எப்படி வந்தது என்பது பிறகு விளங்கியது. முன்காலத்தில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து எழுதுமை காய்ச்சினார்கள். அன்னபேதி இரும்பின் உப்பு. கடுக்காயில் இருப்பது துவர்ப்பு. இரண்டும் சேர்ந்தால் கருமை பிறக்கும். பட்டைத் தோலில் துவர்ப்பு ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. ஈரமும் இரும்பும் வந்து சேர்ந்தால் தோலே மைக்கூடாகிவிடும். எலுமிச்சைச் சாற்றைப் பஞ்சில் நனைத்து ஒற்றினால் கறை கண்ணெதிரே வெளிறும். உடனே நல்ல நீரில் நனைத்த துணியால் அமிலத்தைத் துடைத்து எடுத்துவிட வேண்டும். புதிய கறைக்கு இது நன்றாகக் கேட்கும். மூன்று மாதம் ஊறிய என் கறை பாதிதான் மறைந்தது. அந்தப் பகுதியை வெட்டி, கருஞ்சாயம் ஏற்றிய பெல்ட்டுகளுக்குப் பயன்படுத்தினேன்.

பூஞ்சணத்தை எடுத்த விதம் இது. தோலை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, மென்மையான பிரஷால் உலர்ந்த நிலையிலேயே தூளைத் தட்டி எடுத்தேன். அறைக்குள் தட்டினால் அதன் வித்துகள் மற்ற தோல்களில் போய் உட்காரும். அதன் பிறகு வெள்ளை வினிகரும் நீரும் சரிபாதியாகக் கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து, ஒரே சீராக முழுத் தோலையும் துடைத்தேன். புள்ளி இருந்த இடத்தை மட்டும் துடைத்தால் அங்கே நீர்வட்டம் நின்றுவிடும் என்பதால், ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே ஈரமாக நனைய வேண்டும். பிறகு நிழலில், காற்றோட்டத்தில் இரண்டு நாள் காயவிட்டேன். வெயிலில் போட்டுவிடத் தோன்றும், போடக் கூடாது. பட்டைத் தோல் ஒரு மணி நேர வெயிலிலேயே நிறம் மாறத் தொடங்கும். வேகமாகக் காய்ந்தால் அப்பளம் போல் விறைக்கும். சாயமும் பூச்சும் ஏறிய தோலுக்கு வினிகரைப் பயன்படுத்துமுன், கண்ணில் படாத மூலையில் துடைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. இத்தனைக்குப் பிறகும் மூன்றில் ஒரு சைடில் பூஞ்சணத்தின் நிழல் நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

அடுத்த ஆண்டு அதே தவறைச் செய்யக் கூடாது என்று ஒரு மர அலமாரி செய்தேன். கதவுகள் இறுக்கமாக மூடும். உள்ளே அடித்தட்டில் 40 வாட் குண்டு பல்பு ஒன்று எரிந்துகொண்டே இருக்கும். அந்தச் சூடு உள்காற்றை உலர்வாக வைத்திருக்கும். பழைய புத்தகங்களும் கேமராக்களும் வைத்திருப்பவர்கள் பலர் கையாளும் வழிதான் இது. 2017 எடவப்பாதி முழுவதும் அலமாரிக்குள் ஒரு புள்ளி பூஞ்சணம் இல்லை. தீர்வு கண்டுவிட்டதாகவே நம்பி, கிறிஸ்துமஸ் வேலைக்காக அலமாரி நிறையத் தோல் வாங்கி அடைத்தேன்.

நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் வந்தது. கடலுக்குப் போனவர்களை இழந்த குடும்பங்களின் துயரத்துக்கு முன்னால் என் தோல்களைப் பற்றிப் பேசுவது சிறிய விஷயம். ஆனாலும் இந்தப் பதிவுக்குத் தேவையானதை மட்டும் சொல்கிறேன். ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக ஒடிந்து விழுந்தன, மின்கம்பங்கள் சாய்ந்தன, எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்ப ஒன்பது நாளாயிற்று. விழுந்த மரங்களை அப்புறப்படுத்துவதிலும் கிணற்றிலிருந்து நீர் இறைப்பதிலும் பட்டறையை நான் நினைக்கவே இல்லை. பல்பு அணைந்த அலமாரி, மூடிய கதவுகளுக்குள் ஈரக் காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒன்பது நாள் நின்றது. பத்தாம் நாள் திறந்தபோது மேல்தட்டில் இருந்த ஆட்டுத் தோல் முழுவதும் பூத்திருந்தது.

பக்கத்து வீட்டு மாமா ரப்பர் வைத்திருப்பவர். புகைப்புரையில், அதாவது புகை போட்டு உலர்த்தும் அறையில், ரப்பர் ஷீட் காயவைத்து அடுக்கி விற்பதில் நாற்பது ஆண்டு அனுபவம் உண்டு. சரியாகக் காயாத ஷீட்டை அடுக்கினால் அதிலும் பூஞ்சணம் பிடிக்கும்; தரம் இறங்கும்; விலை போகாது. முற்றத்தில் நான் தோல்களை விரித்துப் போட்டிருந்ததைப் பார்க்க வந்தவர், அலமாரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மக்களே, இதுல காத்து எது வழியா கேறும், எது வழியா எறங்கும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. முதல் ஆண்டில் பாலிதீனுக்குள் அடைத்தேன். இரண்டாம் ஆண்டில் மரத்துக்குள் அடைத்தேன். பொருள்தான் மாறியதே தவிர, அடைத்து வைத்தால் பத்திரம் என்ற என் எண்ணம் மாறவில்லை. கரண்ட் இருந்தால் மட்டும் வேலை செய்கிற எந்த ஏற்பாடும் இந்த மாவட்டத்தின் மழைக்காலத்துக்கு ஒத்துவராது என்று அன்று முடிவு செய்தேன்.

தோல் என்பது இழைகளின் பின்னல். சுற்றியுள்ள காற்றில் ஈரம் கூடினால் வாங்கிக்கொள்ளும், குறைந்தால் விட்டுவிடும். பதனிட்டு எத்தனை ஆண்டு ஆனாலும் இந்த இயல்பு போகாது. வாங்குவதைத் தடுக்க நம்மால் முடியாது. வாங்கியதை விடுவதற்கு வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. தக்கலைக்கு அருகே இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்கள், அங்கே மரச் சட்டங்களைச் சரிவாக வைத்து அடைத்த சன்னல்களைப் பார்த்திருப்பார்கள். வெயிலும் சாரலும் உள்ளே வராது. காற்று மட்டும் வரும். அதே முறையில் கிழக்குச் சுவரில் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஒன்றும், எதிர்ச்சுவரில் கூரைக்குக் கீழே இறவாரத்தின் மறைவில் ஒன்றுமாக இரண்டு சட்டச் சன்னல்களை எங்கள் ஊர் ஆசாரியை வைத்துச் செய்தேன். கீழே நுழையும் காற்று ஓட்டின் சூட்டில் மேலே எழுந்து மறுபக்கம் வெளியேறுகிறது. ஓட்டுக் கூரை உள்ளவர்களுக்கு இது எளிது. கான்கிரீட் கூரை என்றால் மேல் சன்னலோடு வெளியேற்றும் மின்விசிறி ஒன்று தேவைப்படலாம்.

அலமாரியின் கதவுகளையும் முதுகுப் பலகையையும் கழற்றிவிட்டு, அயனிப் பலகையில் திறந்த தாங்கி ஒன்று செய்துகொண்டேன். தரையிலிருந்து ஓரடி, சுவரிலிருந்து அரையடி தள்ளி நிற்கிறது. தட்டுகளுக்குப் பதிலாக இரண்டிரண்டு மரச் சட்டங்கள். சுருள்கள் அவற்றின் மேல் படுத்திருக்கும். அடியிலும் காற்று போகும். ஆணி, திருகு எதுவும் தோலைத் தொடும் இடத்தில் இல்லை. மடக்கிய கத்திரிக்கோலைக்கூடத் தோல் மேல் வைப்பதில்லை.

சுருட்டும் முறையில்தான் தொடக்கக்காரர்கள் அதிகம் தவறுகிறார்கள் என்பது என் கருத்து. தோலை ஒருபோதும் மடிக்கக் கூடாது. மடித்த கோடு ஒரு மாதத்தில் நிலைத்துவிடும். பட்டைத் தோலில் அந்த இடத்தில் மேல்பரப்பு வெடிக்கவும் செய்யும். சுருட்டும்போது வழுவழுப்பான மேல்பக்கம் வெளியே இருக்க வேண்டும். கீறல் விழுமே என்று பயந்து பலர் அதை உள்ளே வைத்துச் சுருட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் மேல்பக்கம் நெருக்குண்டு நுண்ணிய சுருக்கங்கள் விழும். விரித்தாலும் அவை போகாது. கீறலைத் தடுக்கத் துணி இருக்கிறது. சுருக்கத்தைப் போக்க எதுவும் இல்லை. வெறும் சுருளாக விடாமல், ஜவுளிக் கடைகளில் துணி சுற்றி வரும் அட்டைக் குழாய்களைக் கேட்டு வாங்கி அவற்றில் சுற்றுகிறேன். எவ்வளவு அகலமான குழாய் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. 3 மில்லிமீட்டர் தோலைக் கையகலக் குழாயில் இறுக்கிச் சுற்றக் கூடாது. கழுத்துப் பக்கம் வளைந்தே நின்றுவிடும். என்னிடம் உள்ள கனத் தோல்களைச் சுருட்டாமல், வேலை மேசையின் அடியில் சட்டங்களின் மேல் விரித்தே வைத்திருக்கிறேன். இடமுள்ளவர்கள் எல்லாத் தோலையும் அப்படி வைக்கலாம். கொடியில் தொங்கவிட்டால் தன் எடையாலேயே இழுபட்டு, கொடி பட்ட இடத்தில் வரி விழுந்துவிடும்.

மேலே சுற்றுவதற்குப் பழைய பருத்தி வேட்டியை விடச் சிறந்தது எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் கஞ்சி போட்ட வேட்டியாக இருந்தால், வெந்நீரில் இரண்டு முறை அலசிக் கஞ்சி முழுவதும் போன பிறகே பயன்படுத்த வேண்டும். கஞ்சிக்குப் பூஞ்சணமும் வெள்ளிப்பூச்சியும் தேடி வரும். செய்தித்தாளில் சுற்றக் கூடாது. அச்சுமை பட்டைத் தோலில் இறங்கி, தலைப்புச் செய்தியையே வாசிக்கும்படி ஒட்டிக்கொள்ளும். சாயத் தோலும் சாயமேறாத தோலும் ஒன்றையொன்று தொடாமல், நடுவே துணியோ அச்சிடாத தாளோ இருக்க வேண்டும். சுருளை இறுக்கிக் கட்ட ரப்பர் வளையம் வேண்டாம். அது பதிந்த இடம் அப்படியே அழுந்திக் கறை படும். கிழித்த வேட்டிக் கரையாலேயே தளர்வாகக் கட்டுகிறேன்.

ஈரத்தை அளக்க ஒரு சிறு மின்னணு ஈரப்பதமானி வாங்கித் தாங்கியிலேயே மாட்டியிருக்கிறேன். தோலுக்கு 45 முதல் 60 விழுக்காடு வரை நல்லது. 70ஐத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் பூஞ்சணம் வரும் என்று எதிர்பார்க்கலாம். ஜூனில் எங்கள் பட்டறையில் 85ஐச் சாதாரணமாகக் காட்டும். மலிவான கருவி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க வீட்டிலேயே வழி உண்டு. பாட்டில் மூடி ஒன்றில் கல்லுப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் குழைகிற அளவுக்கு மட்டும் நீர் விட்டு, அதையும் கருவியையும் காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு மூடி வைத்தால், உள்ளே ஈரப்பதம் 75 விழுக்காட்டில் நிற்கும். கருவி 80 காட்டினால், இனி அது காட்டுவதில் ஐந்தைக் கழித்துக்கொள்ள வேண்டியதுதான்.

மழைக்காலத்தில் கருவியைப் பார்த்தே கதவைக் கையாளுகிறேன். காற்றோட்டம் வேண்டும் என்பதற்காக மழை கொட்டும்போது கதவையும் விரியத் திறந்து வைத்தால் வெளி ஈரம் முழுவதும் உள்ளே வந்து சேரும். காலையில் பனி ஈரம் வடிந்து பத்து மணி ஆன பிறகு, மழை வெறித்திருந்தால் கதவைத் திறப்பேன். மூன்று மணிக்கு மேல் மூடிவிடுவேன். சட்டச் சன்னல்கள் எப்போதும் திறந்தே இருக்கும். அடைமழை வாரங்களில் மேசை விசிறியைச் சுருள்களை நோக்கி அன்றி, தாங்கிக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியை நோக்கிச் சுழல விடுகிறேன். ஈரம் குறையாவிட்டாலும் காற்று ஓரிடத்தில் தேங்காமல் இருந்தாலே பூஞ்சணம் பிடிக்க நாளாகும். ஒக்கியைப் போல் மீண்டும் மின்சாரம் போனால் விசிறி நிற்குமே தவிர, காற்று நிற்காது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் சுழலும் இடத்துக்கு அருகே இருப்பவர்களுக்கு இவ்வளவு பாடு தேவைப்படாது. ஒரே மாவட்டத்துக்குள் தோவாளையின் காற்றுக்கும் விளவங்கோட்டின் காற்றுக்கும் அவ்வளவு வேறுபாடு இருக்கிறது.

தேங்காய் எண்ணெய் தடவி வைத்தால் தோல் கெடாது என்று எனக்குச் சொல்லாதவர்கள் இல்லை. தென்னை சூழ்ந்த ஊரில் அந்த யோசனை வருவது இயல்பு. ஆனால் இதை நான் உறுதியாக மறுக்கிறேன். கையிருப்பில் வைக்கும் தோலுக்கு எந்த எண்ணெயும் வேண்டாம். பதனிடும் இடத்திலேயே போதிய எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். மேலும் தடவுவது பூஞ்சணத்துக்கு உணவு போடுவதாகும். தேங்காய் எண்ணெய் நாளானால் காறும். சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையவும் செய்யும். செய்து முடித்த பொருளுக்கு மெழுகும் எண்ணெயும் இடுவது வேறு வேலை. அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

வெண்படலம் கண்டதெல்லாம் பூஞ்சணம் என்று பதறவும் வேண்டாம். மார்கழிக் குளிரில் சில தோல்களின் மேல் மெல்லிய வெண்பூச்சு தோன்றும். உள்ளே இருக்கும் கொழுப்பு மேலே வந்து உறைவதுதான் அது. முடி உலர்த்தும் கருவியின் சூட்டைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக் காட்டினால், கொழுப்பாக இருந்தால் உருகித் தோலுக்குள்ளேயே மறைந்துவிடும். பூஞ்சணமாக இருந்தால் அப்படியே நிற்கும். வாசனையும் சொல்லிவிடும். இந்தச் சோதனை தெரியாமல் ஒரு நல்ல ஆட்டுத் தோலை வினிகரால் துடைத்துப் பொலிவைக் கெடுத்திருக்கிறேன்.

பூச்சிகளுக்கு வசம்பைத் துணியில் முடிந்து ஒவ்வொரு சட்டத்திலும் வைக்கிறேன். அந்துருண்டை வைத்தால் அதன் நெடி தோலில் ஏறி, மணிபர்ஸ் வாங்கியவர் வீடு வரை போகும். தாங்கியின் கால்களை வாரம் ஒருமுறை துடைத்துப் பார்த்தால் சிதல் (கரையான்) ஏறுவது தொடக்கத்திலேயே தெரிந்துவிடும்.

வாங்கும் முறையையும் மாற்றிக்கொண்டேன். மொத்தமாக எடுத்தால் சதுர அடிக்குச் சில ரூபாய் குறையும் என்று முன்பு ஆண்டுக்கு இரண்டு முறை அதிகமாக வாங்கினேன்; குறைந்த பணத்தை விடக் கெட்ட தோலின் பணம் அதிகம். இப்போது ஜனவரி முதல் மார்ச் வரையிலான உலர் மாதங்களில் மட்டும் கனத் தோல் வாங்குகிறேன். வேதாகம உறைக்கான தோலை அக்டோபரில், வந்த தேவைக்கு ஏற்ற அளவே வரவழைத்து, பார்சல் வந்த அன்றே பாலிதீனைப் பிரித்து, இரண்டு நாள் விரித்து வைத்து, அறையின் காற்றோடு பழகவிட்ட பிறகே சுருட்டுகிறேன். ஒவ்வொரு சுருளின் கட்டிலும் வாங்கிய மாதம், கனம், சதுர அடி ஆகியவற்றை எழுதிய அட்டை தொங்கும். பழையது முதலில் வெட்டப்படும்.

இந்த மே மாதக் கணக்கில் பதினோரு சுருள்கள் இருந்தன. ஒன்பதில் குறை இல்லை. இரண்டில், மேல் வரிசையில் ஓட்டின் சிறு கசிவுக்கு நேர் கீழே இருந்தவற்றில், ஓரமாக நீர்வட்டம் தெரிந்தது. உடைந்த ஓட்டை மாற்றி, அந்த வரிசையை ஒரு சாண் உள்ளே தள்ளி வைத்திருக்கிறேன். நேற்று மாலை முதல் சாரல் விழுகிறது. கருவி இப்போது 78 காட்டுகிறது.